பக்கத்து வயலுக்குப் பணம் போகிற வழி

2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. தெருமுனைக் கடைகளில் அதற்கும் மேலே போனது. அரசே கொள்முதல் செய்து ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்குள் மொத்த விலை பத்து ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது. பறிப்புக் கூலிக்கே கட்டாது என்று காயைச் செடியிலேயே விடுவதும், லாரியில் கொண்டுவந்து ரோட்டோரம் கொட்டுவதும் ஒட்டன்சத்திரம், பாலக்கோடு பக்கத்தில் அவ்வப்போது நடக்கிற கதைதான்.

இந்த இரண்டும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள். தக்காளி நாற்று நட்டு அறுபது, எழுபது நாளில் காய் பறிப்புக்கு வரும். விலை ஏறியிருக்கும்போது எல்லாரும் நடுகிறார்கள். எல்லாருக்கும் ஒரே சமயத்தில் காய் வருகிறது. விலை விழுகிறது. நொந்துபோய் அடுத்த முறை பலர் நடாமல் விடுகிறார்கள், அந்த நேரம் பார்த்து மழையோ வெயிலோ கெடுத்துவிட்டால் மறுபடி நூறு ரூபாய். சாப்பிடுகிறவருக்கு எவ்வளவு தேவை என்று விளைவிக்கிறவருக்குத் தெரியாது. அவர் என்ன நட்டிருக்கிறார் என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது. நடுவில் ஓடுகிற ஒரே சேதி விலைதான், அதுவும் காய் பறித்த பிறகுதான் வருகிறது.

உள்ளூர் உணவு என்றாலே பேச்சு ஆரோக்கியத்துக்கும், லாரி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதற்கும் போய்விடுகிறது. இரண்டும் பொய்யில்லை. ஆனால் நம் வீட்டுப் பணம் எந்த வழியில் வயலுக்குப் போகிறது, விளைச்சல் கெட்டால் யார் தலையில் விழுகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த வழியைக் கொஞ்சம் சுருக்க ஒரு சாதாரணக் குடும்பத்தால் என்ன செய்ய முடியும் என்று பார்ப்போம்.

ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2024-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். நாம் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது சுமார் 33 காசு. வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. மீதி தரகு, வண்டி வாடகை, ஏற்றுகூலி இறக்குகூலி, அழுகல், சில்லறை லாபம் என்று பிரிந்துபோகிறது. இதைப் படித்ததும் இடைத்தரகரைத் திட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். கமிஷன் மண்டிக்காரர் சும்மா உட்கார்ந்து காசு வாங்குவதில்லை. விதை வாங்கவும் உரம் வாங்கவும் பணமில்லாதபோது, பத்திரம் கேட்காமல் முன்பணம் கொடுப்பவர் அவர்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அவரிடம்தான் போகிறார்கள். பதிலுக்குக் காயை அவர் மண்டிக்கே போட வேண்டும், அவர் சொல்லும் விலையை ஏற்க வேண்டும், பத்து சதவீதம் தரகு கழிய வேண்டும். அதாவது வங்கி செய்ய வேண்டிய ஒரு வேலையை மண்டி செய்துகொண்டிருக்கிறது. அந்த வேலையை யாராவது எடுத்துக்கொள்ளாத வரை மண்டியைத் திட்டி ஒன்றும் ஆகாது.

மண்டியைத் தாண்டி விற்கத் தமிழ்நாட்டில் பெரிதாக வந்த ஏற்பாடு உழவர் சந்தை. பஞ்சாபில் 1987-இல் தொடங்கிய அப்னி மண்டியும், ஆந்திராவில் 1999 ஜனவரியில் வந்த ரைத்து பஜாரும் இதற்கு முன்னோடிகள். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். சரியாக ஒரு வருடத்தில், 2000 நவம்பர் 14-இல், பல்லாவரத்தில் நூறாவது சந்தை வந்துவிட்டது. 2001-இல் ஆட்சி மாறியதும் பல சந்தைகள் கவனிப்பாரின்றிப் போயின. 2006-க்குப் பிறகு மறுபடி உயிர் வந்தது. நம் ஊரில் நல்ல திட்டங்களுக்கும் கட்சிச் சாயம் ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட எடுத்துக்காட்டு வேண்டாம். இன்று மாநிலம் முழுக்க 180-க்கும் மேற்பட்ட சந்தைகள் இருக்கின்றன.

அதன் உள்வேலை எளிது. நிலமும் பயிரும் உண்டா என்று பார்த்து, விவசாயிக்குப் படம் ஒட்டிய அடையாள அட்டை கொடுக்கிறார்கள். கடைக்கு வாடகை இல்லை, தரகு இல்லை, தராசும் அங்கேயே கிடைக்கும். விலையை அதிகாரிகள் காலையில் பலகையில் எழுதுகிறார்கள். மொத்த விலையைவிட சுமார் 20 சதவீதம் கூடுதலாக, வெளியே சில்லறை விலையைவிட சுமார் 15 சதவீதம் குறைவாக இருக்கும்படி வைப்பது வழக்கம். விற்கிறவருக்கும் லாபம், வாங்குகிறவருக்கும் லாபம். நடுவில் இருந்த இடைவெளியை இரண்டாக வெட்டிக் கொடுத்த மாதிரி.

சிக்கலும் உண்டு. விவசாயி அட்டையோடு வியாபாரிகள் உள்ளே நுழைவது பழைய புகார். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒரே கடையில் கேரட், பீட்ரூட், பீன்ஸ், கத்தரி, வெண்டை, நெல்லிக்காய் என்று இருபது வகை அடுக்கியிருந்தால், அவ்வளவும் ஒரு காட்டில் விளைந்திருக்க வழியில்லை. மலைக்காய்க்கெனத் தனிக் கடை சில சந்தைகளில் அனுமதியோடு இருக்கிறது, அது வேறு. தன் வயலிலிருந்து கொண்டுவருகிறவரிடம் இரண்டோ மூன்றோ வகைதான் இருக்கும். காய்கள் ஒரே அளவாக இருக்காது. கத்தரிக்காயின் காம்பு பச்சையாக, முள்ளோடு நிற்கும். கீரைக்கட்டின் வேரில் மண் ஈரம் காய்ந்திருக்காது. ஐயம் இருந்தால் ஒரு கேள்வி போதும்.

“எந்த ஊரு அக்கா?”

“அலங்காநல்லூர் பக்கம்ப்பா. பீர்க்கு இன்னையோட சரி, கொடி ஓஞ்சுபோச்சு. அடுத்த வாரம் வந்தா அவரை இருக்கும்.”

இப்படிப் பதில் வந்தால் சந்தேகமே வேண்டாம். அடுத்த வாரம் என்ன வரும் என்று வியாபாரிக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்தது அடுத்த வாரம் என்ன விலை போகும் என்பதுதான். நமக்கும் இந்தப் பதிலில் ஒரு லாபம் இருக்கிறது: அடுத்த வாரச் சமையலைத் திட்டமிட்டுவிடலாம்.

பேரம் பற்றி ஒரு வார்த்தை. பலகை விலை இருக்கும் இடத்தில் பேரம் வேண்டாம். பெரிய சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டதைப் பேசாமல் கட்டிவிட்டு வருகிறவர்கள், பத்து ரூபாய்க் கீரைக்கட்டுக்கு எட்டு ரூபாய் கேட்பதைப் பார்க்கும்போது எரிச்சல் வரும்.

உழவர் சந்தையின் பெரிய குறை அதன் நேரம். விடியற்காலையில் சூடு பிடித்து, வெயில் ஏறுவதற்குள் நல்ல காய் தீர்ந்துவிடும். ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள், சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள் போக முடியாது. தினமும் போக வேண்டும் என்று தீர்மானம் போட்டால் இரண்டாம் வாரமே கைவிடுவோம். வாரம் ஒரு நாள் போய், சீக்கிரம் கெட்டுப்போகாத காய்களை அங்கே வாங்கிக்கொள்வது நடக்கக்கூடியது. பூசணி, பறங்கி, சேனை, கருணை, சின்ன வெங்காயம், வாழைக்காய், தேங்காய் இவையெல்லாம் ஒரு வாரம் தாராளமாக நிற்கும். கீரையை மட்டும் அன்றன்றைக்குத் தெருவில் வருகிறவரிடம் வாங்கலாம். கீரை எப்படியும் உள்ளூர்தான். அறுத்த அன்றே வாடத் தொடங்கும் பொருளை அடுத்த மாநிலத்திலிருந்து கொண்டுவந்து கட்டுப்படியாகாது.

அதற்காகப் பக்கத்தில் விளைந்ததெல்லாம் சுத்தம் என்று நினைத்துவிடக் கூடாது. நகரத்தின் ஓரத்தில், கழிவுநீர் ஓடும் கால்வாயை ஒட்டிக் கீரைப் பாத்தி போட்டிருப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். எந்த உரம் என்று கேட்பதற்கு முன்னால் எந்தத் தண்ணீர் என்று கேட்பது நல்லது. கிணறா, போர்வெல்லா, வாய்க்காலா? கேட்டால் பெரும்பாலும் உண்மையைச் சொல்வார்கள்.

உள்ளூர் என்றால் எவ்வளவு தூரம்? மாநில எல்லையை வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கும். சென்னைக்குத் தக்காளி அதிகம் வருவது ஆந்திராவின் மதனப்பள்ளி, கர்நாடகத்தின் கோலார் பக்கத்திலிருந்து. மதனப்பள்ளி சென்னையிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர். ஒட்டன்சத்திரம் 400-க்கும் மேல். ஒட்டன்சத்திரத்துக் காய்க்கோ கேரளம்தான் பெரிய வாடிக்கையாளர். திருத்தணிக்காரருக்கு நகரி உள்ளூர்தான், செங்கோட்டைக்காரருக்குப் புனலூர் உள்ளூர்தான்.

தூரத்தைக் குறைத்தால் பூமி குளிரும் என்பதையும் அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 2018-இல் வந்த பெரிய ஆய்வு ஒன்று, உணவால் வெளியாகும் பசுங்குடில் வாயுவில் போக்குவரத்தின் பங்கு சுமார் 6 சதவீதம்தான் என்றது. உரம், இயந்திரம் ஆகியவற்றை ஏற்றி இறக்குவதையும் சேர்த்துக்கொண்ட 2022-ஆம் ஆண்டு ஆய்வு அதை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு என்றது. எப்படிப் பார்த்தாலும் பெரும்பகுதி வயலிலும் தொழுவத்திலும்தான் நடக்கிறது. தண்ணீர் கட்டிய நெல் வயலிலிருந்தே மீத்தேன் வருகிறது. ஆகவே உள்ளூரில் வாங்குவதற்கு என் முதல் காரணம் புகை இல்லை. கேள்வி கேட்கக்கூடிய தூரத்தில் விளைவிக்கிறவர் இருப்பதுதான்.

அப்புறம் பருவம். உள்ளூர்ச் சாப்பாட்டின் கஷ்டமும் ருசியும் இங்கேதான் இருக்கிறது. வருடம் பூராவும் கேரட்டும் பீன்ஸும் கிடைக்கப் பழகிய சமையலறைக்கு இது கொஞ்சம் முரண்டு பிடிக்கும். தை மாதம் மொச்சை, அவரை, பறங்கி, பனங்கிழங்கு, மஞ்சள் கொத்து. நெல்லைப் பக்கத்தில் சிறுகிழங்கு இல்லாமல் பொங்கல் கிடையாது. மாசியில் மாவடுவும் புதுப்புளியும் வரும். வருடத்துக்கான புளியை அப்போது வாங்கிக் கொட்டை எடுத்து உப்புப் போட்டுப் பானையில் அடைத்துவிட்டால், கடையில் கால் கிலோ கால் கிலோவாக வாங்கும் தொல்லை இல்லை. பங்குனி, சித்திரையில் முருங்கை காய்த்துத் தள்ளும். அப்போது ஒரு கட்டு மலிவாக வாங்கியவர்கள், மார்கழியில் ஒரு காய் பத்து இருபது ரூபாய் என்று கேட்டு மலைப்பார்கள். மரம் அந்தக் குளிரில் காய்ப்பதில்லை, அவ்வளவுதான். மார்கழியில் முருங்கைக்காய் சாம்பார் வேண்டும் என்று அடம்பிடிக்காமல் முருங்கைக்கீரையோடு சமாதானமாகப் போய்விடலாம். வைகாசி வரை பலா, நுங்கு, வெள்ளரி, மாம்பழம் என்று வெயிலே சாப்பாடு போடும்.

உண்மையான சோதனை ஐப்பசி, கார்த்திகை. மழையில் கீரை அழுகும், கொடிக்காய் பூ உதிரும், காய் விலை ஏறும். பழைய வீடுகளில் அந்த இரண்டு மாதத்துக்குத் தனி ஏற்பாடு இருந்தது. சித்திரை வெயிலில் போட்ட சுண்டைவற்றல், மணத்தக்காளி வற்றல், கொத்தவரை வற்றல், வெங்காய வடகம், மோர்மிளகாய், ஊறுகாய். மலிவாகக் கிடைத்ததை மலிவான வெயிலில் காயவைத்து, கிராக்கியான மாதத்தில் எடுத்துச் சாப்பிட்டார்கள். வற்றல் குழம்பு அப்படித்தான் பிறந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். மொட்டை மாடி இருக்கிற யாரும் இதைச் செய்யலாம். கொத்தவரங்காயை உப்பு, மஞ்சள் போட்டு அரை வேக்காடாக வேகவைத்து, தண்ணீரை வடித்து, மூன்று நாள் நல்ல வெயில் காட்டினால் போதும். கையில் உடைத்தால் சடக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னொரு நாள் வெயில். இதில் விவசாயிக்கு என்ன லாபம் என்றால், காய் மலிந்து கிடக்கும்போது நாம் மூன்று கிலோ கூடுதலாக வாங்குகிறோம். அவருக்கு வாங்குகிற ஆள் தேவைப்படுவது அப்போதுதான்.

பழத்தில் இது இன்னும் சுலபம். வாழைப்பழம் என்றாலே மஞ்சளாய், நீளமாய், ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும் ஜி-9 ரகம்தான் என்று நகரத்துப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, மொந்தன், விருப்பாச்சி, சிறுமலை, குமரி மாவட்டத்து மட்டி என்று எத்தனை இருக்கின்றன. சிறுமலையும் விருப்பாச்சியும் 2008-இலேயே புவிசார் குறியீடு வாங்கியவை, மட்டிக்கு 2023-இல் கிடைத்தது. அதே 2023-இல் வேலூர் இலவம்பாடி முள் கத்தரிக்கும், ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் கிடைத்தது. குறியீடு கிடைத்தால் நாலு நாள் செய்தி வரும். தொடர்ந்து வாங்குவதற்கு ஆள் இருந்தால்தான் அடுத்த போகத்துக்கு விதை எடுத்து வைப்பார்கள். வாழையில் இன்னொன்று: ஒரு மரம் ஒரே ஒரு தார்தான் தரும். பூவும் தண்டும் இலையும் விற்றால் அந்த மரத்துக்கே இன்னும் கொஞ்சம் வரும்படி. வாழைப்பூவை ஆய்வது நேரம் பிடிக்கிற வேலைதான். ஞாயிற்றுக்கிழமை டிவி பார்த்துக்கொண்டே ஆய்ந்துவிடலாம்.

எண்ணெயில்தான் நம் பணம் ரொம்ப தூரம் போகிறது. நாட்டுக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி, அதில் பெரிய பங்கு இந்தோனேசியா, மலேசியாவின் பாமாயில். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் கடலை விளைகிறது. ஊருக்கு ஒரு செக்கு மறுபடி முளைத்திருக்கிறது. ஆனால் ‘மரச்செக்கு’ என்று போர்டு மாட்டியவர்கள் எல்லாரும் ஆட்டியதைத்தான் விற்கிறார்களா? வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லிட்டர் கடலையெண்ணெய்க்கு இரண்டே கால் கிலோவிலிருந்து இரண்டரை கிலோ வரை நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பருப்புக்கே 270 முதல் 300 ரூபாய் ஆகிறது. புண்ணாக்கு விற்றுக் கொஞ்சம் திரும்ப வரும். அதைக் கழித்து, ஆட்டுக்கூலியும் பாட்டிலும் லாபமும் சேர்த்தால், லிட்டர் 200 ரூபாய்க்குச் செக்கு எண்ணெய் கொடுக்க ஒருவராலும் முடியாது. கொடுக்கிறார் என்றால் அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. நான் சொல்வதை நம்ப வேண்டாம், விளைவித்தவரிடம் நேராகப் பருப்பு வாங்கி, பக்கத்துச் செக்கில் கூலிக்கு ஆட்டிப் பாருங்கள். புண்ணாக்கைப் பால்காரரிடம் கொடுத்தால் பாலில் கழித்துக்கொள்வார்.

அரிசிக்கு வருவோம். பாரம்பரிய நெல் என்றதும் மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி, சீரகச் சம்பா, கிச்சிலிச் சம்பா என்று பெயர்கள் அடுக்கப்படும். இந்தப் பெயர்கள் இன்று கடையில் கிடைப்பதற்கு ஒரு பெரிய காரணம் நெல் ஜெயராமன். இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வாரோடு சேர்ந்து வேலை செய்தவர். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, 174 ரகங்களைத் தேடிச் சேர்த்தார். 2018 டிசம்பரில் மறைந்தார். அந்தத் திருவிழாவின் ஏற்பாடு அழகானது. வருகிற விவசாயிக்கு இரண்டு கிலோ விதைநெல் இலவசம், அடுத்த வருடம் அவர் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த நாலு கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும். காசு இல்லாமலே விதை பெருகியது.

இந்த நெல்லில் பலது ஐந்து மாதம் வயலில் நிற்கும், உயரமாக வளர்ந்து காற்றுமழையில் சாய்ந்துவிடும், விளைச்சலும் புது ரகங்களைவிடக் குறைவு. விலை கூட இருப்பதற்கு இதுதான் காரணம். பெயருக்காகக் கூட்டிச் சொல்லும் கடைகளும் இருக்கின்றன என்பது வேறு விஷயம். கட்டுப்படியாக வேண்டுமென்றால் சில்லறையாக வாங்கக் கூடாது. மூன்று நாலு வீடு சேர்ந்து ஒரு மூட்டையாக, அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் வயல்காரரிடமே சொல்லிவைத்து வாங்கலாம். தீட்டாத அரிசியில் தவிடும் எண்ணெய்ப் பசையும் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வரும், வண்டும் ஏறும். ஆகவே மொத்தத்தையும் ஒரேயடியாக அரைக்காமல், நெல்லாகவே வைத்திருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரைத்து அனுப்பச் சொல்வது புத்திசாலித்தனம். டப்பாவில் வேப்பிலையோ காய்ந்த மிளகாயோ போட்டுவைப்பது பாட்டிகள் காலத்து வழி.

இப்போது மூட்டையைப் பகிர்ந்துகொள்வதிலிருந்து ஒரு படி மேலே போகலாம்: வயலையே பகிர்ந்துகொள்வது. ஜப்பானில் 1970-களில் பூச்சிமருந்துக்குப் பயந்த குடும்பத் தலைவிகள் சிலர், குழுவாகச் சேர்ந்து விவசாயிகளோடு நேரடி ஒப்பந்தம் போட்டார்கள். தெய்க்கெய் என்று அதற்குப் பெயர். அமெரிக்காவில் 1986-இல் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் இரண்டு பண்ணைகள் இதே மாதிரி தொடங்கின. பருவம் தொடங்கும் முன்பே குடும்பங்கள் பங்குப் பணம் கட்டிவிடும். வாராவாரம் விளைந்தது எதுவோ அது கூடையில் வரும். நன்றாக விளைந்தால் கூடை நிறையும், ஆலங்கட்டி மழை அடித்தால் பாதிக் கூடைதான். பணம் திரும்பி வராது.

நம் ஊரில் இதன் சாயலில் சென்னை, கோவைப் பக்கம் வாட்ஸ்அப் குழுக்களில் நிறைய நடக்கிறது. வியாழக்கிழமை பட்டியல் வரும், சனிக்கிழமை காலை அடுக்குமாடி வாசலில் பை இறங்கும். நன்றாக ஓடுபவையும் உண்டு, நாலு மாதத்தில் நின்றுபோனவையும் உண்டு. நின்றுபோனதற்கு விலையைக் காரணம் சொல்வார்கள். நான் பார்த்த வரையில் சுரைக்காய்தான் காரணம். கொடி காய்க்கத் தொடங்கினால் வாராவாரம் சுரைக்காய்தான் வரும். “போன வாரமும் இதான், இந்த வாரமும் இதானா?” என்று மூன்றாவது வாரம் குழுவில் முணுமுணுப்பு, ஐந்தாவது வாரம் பாதிப் பேர் விலகல். விவசாயி அரை ஏக்கரை நம்மை நம்பித் திருத்தியிருப்பார். இந்த மாதிரிக் குழுவில் சேருவதற்கு முன்னால் சுரைக்காயில் கூட்டு, அடை, தோல் துவையல், அல்வா என்று நாலு வகை செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு விதியே போடலாம். இல்லையென்றால் இது நமக்குச் சரிப்படாது என்று ஒதுங்கி, உழவர் சந்தையில் பார்த்து வாங்குவதே இருதரப்புக்கும் நிம்மதி.

விவசாயிகள் பக்கத்திலிருந்தும் கூட்டு வடிவங்கள் வந்திருக்கின்றன. கம்பெனிச் சட்டத்தில் 2002-இல் செய்த திருத்தத்தால் பத்து விவசாயிகள் சேர்ந்தாலே உற்பத்தியாளர் கம்பெனி தொடங்கலாம். தமிழ்நாடு அரசு 2017-18-இல் கூட்டுப் பண்ணையம் என்று நூறு விவசாயிகளை ஒரு குழுவாக்கி, இயந்திரம் வாங்கக் குழுவுக்கு ஐந்து லட்சம் ரூபாய் கொடுத்தது. காகிதத்தில் மட்டும் இருக்கும் குழுக்களும் உண்டு, சொந்தமாகப் பருப்பு உடைத்து, செக்கு வைத்து, கடை போட்டவையும் உண்டு. கேரளத்தில் 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீயில் நாலு முதல் பத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து தரிசைக் குத்தகைக்கு எடுத்து நெல்லும் வாழையும் காய்கறியும் போடுகிறார்கள். சொந்த நிலம் இல்லாத பெண்களும் விவசாயி என்ற கணக்கில் வருவது அங்கே நடந்த பெரிய விஷயம். நம் பக்கம் அடையாள அட்டை, மானியம், கடன் எல்லாம் பட்டாவைத் தேடும். பட்டா பெரும்பாலும் ஆண் பெயரில் இருக்கும், களை எடுப்பதும் பறிப்பதும் பெண்கள்.

‘ஆர்கானிக்’ முத்திரையைப் பற்றிக் கேட்பார்கள். மூன்றாம் தரப்புச் சான்றிதழ் சிறு விவசாயிக்குச் செலவு அதிகம். அதற்கு மாற்றாக மத்திய அரசின் பிஜிஎஸ் (பங்கேற்பு உத்தரவாத) முறை இருக்கிறது. ஐந்து பேருக்குக் குறையாத விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் பார்த்து உறுதி சொல்வார்கள். மாறிக்கொண்டிருக்கும் வயலுக்கு ஒரு முத்திரை, முழுதும் மாறிய வயலுக்கு இன்னொன்று. தெரிந்தவர்களே சான்று தருவதில் கண்டும் காணாமல் விடும் ஆபத்து இருக்கிறது. ஆனாலும் பக்கத்து வயல்காரர் இரவில் மருந்தடித்தாலும் மூக்குக்குத் தெரிந்துவிடும், அதிகாரிக்கு அது தெரியாது. வருடத்தில் ஒருநாள் குடும்பத்தோடு அந்த வயலுக்குப் போய்வர முடிந்தால் முத்திரை பற்றிய பேச்சே பாதி தேவைப்படாது. போகிறவர்கள் செல்ஃபி எடுத்துவிட்டு வராமல், வரப்பில் நடந்து என்ன நட்டிருக்கிறார், எது பட்டுப்போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக அந்த முன்பணம். “உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது” என்பார்கள். அதனால்தான் நடவுக்கு முன்னால் கை நீட்ட வேண்டியிருக்கிறது. மண்டி செய்யும் அந்த வேலையில் ஒரு துண்டை நாம் எடுத்துக்கொள்ள முடியும். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து, தெரிந்த ஒரு சம்பா விவசாயியிடம் ஆவணியிலேயே அரிசி விலையில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்துவிடலாம். விதை, உழவு, நடவுக் கூலிக்கு அது உதவும். மீதி இரண்டு பங்கு மாசியில் அரிசி வீட்டுக்கு வந்த பிறகு. எத்தனை கிலோ, என்ன விலை, அரைத்துக் கொடுப்பது யார் பொறுப்பு, வண்டி வாடகை யாருடையது என்று ஒரு தாளில் எழுதி இருதரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. சொந்தக்காரர் என்றாலும் எழுதிக்கொள்ளுங்கள், சொந்தக்காரர் என்றால் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். கார்த்திகையில் புயல் வந்து வயல் மூழ்கினால் என்ன என்பதையும் அந்தத் தாளிலேயே முடிவு செய்ய வேண்டும். விளைச்சல் பாதியானால் அரிசியும் பாதி, முழுதும் போனால் கொடுத்த முன்பணத்தில் பாதியை அடுத்த சம்பாவில் நெல்லாகக் கழிப்பது, மீதிப் பாதியைக் கேட்பதில்லை என்று பேசிக்கொள்ளலாம். ஆறு குடும்பத்துக்குப் பிரித்தால் அது தலைக்குச் சில நூறு ரூபாயில் முடிகிற நஷ்டம்.